நிலாவெளிக்கு வடக்கே ஒரு சூழல் கிராமம்: சொந்தக் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு

திருகோணமலை பஸ் நிலையத்தில் புல்மோட்டை பஸ் ஏறி, நிலாவெளியும் இறக்கக்கண்டிப் பாலமும் தாண்டி இறங்கினால், கடற்பக்கமாகப் போகும் மணல் ஒழுங்கையில் கொஞ்ச நடை. பனையும் தென்னையும் நிற்கும் காணி, நாலைந்து கிடுகுக் கொட்டில்கள், அவற்றுக்குப் பின்னால் கூடாரம் அடிக்க ஒதுக்கிய வெளி. கட்டணம் ஆளுக்கல்ல, கூடாரத்துக்கு. பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்.

முதலில் மெச்ச வேண்டியது தண்ணீர் விஷயத்தை. இந்தக் கரையில் மணலுக்கடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் அடியிலுள்ள உவர் ஏறக்குறைய 40 அடி மேலேறப் பார்க்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அளவில்லாமல் மோட்டர் போட்டு இறைத்த கரையோரக் கிணறுகள் உவராகிப் போவது இதனால்தான். இங்கே மோட்டர் சமையலறைத் தாங்கிக்கு மட்டும். குளிக்கிறவர்கள் வாளியால் அள்ள வேண்டும். ஷவர் இல்லையென்று குறைப்படுகிறவர்கள் ஆடி வெயிலிலும் அந்தக் கிணறு உவர்க்காமல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். குளித்த நீர் வாழைப் பாத்திக்குப் போகிறது, ஆகவே சவர்க்காரம் அளவாக. கொதித்தாறிய குடிதண்ணீர் தருகிறார்கள். வெக்கையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றராவது வேண்டும் என்பதால் 5 லீற்றர் கான் ஒன்று கையோடு இருந்தால் அடிக்கடி சமையலறைக்கு நடக்க வேண்டியதில்லை.

மலசலகூடம் தண்ணீர் ஊற்றாத உலர் வகை. கழுவிப் பழகிய நமக்கு இதில்தான் சிக்கல். இங்கே கழுவுவதற்குப் பக்கத்திலேயே தனிக் கல் பதித்திருக்கிறார்கள். அந்த நீர் சரளைக் குழிக்குள் இறங்குகிறது. போனபின் இரண்டு கை மரத்தூள் தூவி மூடியை இறுக்க வேண்டும், அவ்வளவுதான். குழிக்குள் தண்ணீர் விழுந்தால் காற்று அடைபட்டு அழுகத் தொடங்கும், நாற்றமும் இலையான்களும் பின்னாலேயே வரும். அப்படி ஆனால் மரத்தூளோடு அடுப்புச் சாம்பலும் காய்ந்த சருகும் தாராளமாகப் போட ஓரிரு நாளில் அடங்கும். நிரம்பிய குழியை மூடி நெடுநாள் மக்கவிட்டு, மரக்கறிப் பாத்திக்குப் போடாமல் தென்னைக்கு மட்டும் போடுகிறார்கள். சரியான முறை. ஆனால் இத்தனையையும் விளக்கும் பலகை ஆங்கிலத்தில் மட்டும் தொங்குகிறது. சனி ஞாயிறில் வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அந்தக் குழியைக் காப்பாற்றத் தமிழ்ப் பலகை ஒன்று அவசரமாக வேண்டும்.

இனிக் கூடாரம். வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். வெளியின் மேற்குப் பக்கம் காற்றுக்குத் தடையே இல்லாமல் திறந்து கிடக்கிறது. ஆளுயரக் கிடுகு வேலி ஒன்று அடைத்தாலே பாதித் தொல்லை தீரும். அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் காய்ந்த மணலில் நிற்காது, மணலுக்குப் பிடிப்பில்லை. 5 கிலோ அரிசி வந்த வெறும் பைகள் ஆறு கொண்டுபோங்கள்: நான்கு மூலைக்கும் நான்கு, காற்றுப் பக்கத்துக்கு மேலதிகமாக இரண்டு. பையில் பாதி மணல் நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடிக் குழியில் இறக்கி, மூடி மிதிக்க வேண்டும். கயிறு செங்குத்தாக எழுந்தால் பை கிளம்பிவிடும். நன்றாகத் தள்ளிப் புதைத்துத் தாழ்வாக இழுத்துக் கட்டுங்கள்.

கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் தென்மேற்கைப் பார்க்கட்டும், பெரிய வாசல் வடகிழக்கை. காற்று வரும் பக்கத்தை முழுக்கத் திறந்தால் கூடாரம் ஊதிக் கம்பு முறியும். மேல்பகுதியை மட்டும் திறந்து, எதிர்ப்பக்க வாசலை நுளம்பு வலையோடு முழுதாக விட்டால் காற்று ஊடே ஓடும். காற்றுப் பக்க அடிவலைக்குள்ளால் மணல் புகும், உள்ளே ஒரு பாயை நிறுத்தி வைத்தால் தடுக்கலாம். தரைவிரிப்பின் ஓரம் வெளியே நீண்டிருந்தால் மழைத் தண்ணீர் அடியில் தேங்கும். மடித்து உள்ளே தள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் நிர்வாகத்தை மன்னிக்க முடியாது. அடையாளமிட்ட இடங்களில் இரண்டு, காய்த்துக் குலுங்கும் தென்னைகளுக்கு நேர் கீழே இருக்கின்றன. தேங்காய் விழுந்தால் கூடாரத் துணி எதைத் தாங்கும்? அந்த இடங்களைத் தந்தால் வேண்டாமென்று சொல்லுங்கள், நிழல் ஆசையில் ஏமாற வேண்டாம்.

நெருப்பு சமையலறை முற்றத்துக் கல்வளையத்தில் மட்டும், அதுவும் சிரட்டை போட்டு. சுற்றிலும் கிடுகு இருக்கிற காணியில் இந்தக் கண்டிப்பு வேண்டியதே. குரக்கன் பிட்டும் மீன் குழம்பும் தரம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் படகு ஒழுங்கு செய்து தருவார்கள். 2003இல் தேசியப் பூங்காவான இடம் என்பதால் நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. பவளத்தின் மேல் கால் ஊன்றவே கூடாது.

ஐப்பசி பிறந்தபின் போகாதீர்கள். வாடைக்கால மழையில் இந்தத் தாழ்ந்த மணல்வெளியில் நிலநீர் மேலேறி, விரிப்புக்கடியில் ஊறும். பங்குனி முதல் வைகாசி தொடக்கம் வரை நல்ல காலம்: கடல் அமைதி, கச்சானும் இன்னும் வலுக்கவில்லை. சித்திரையில் பின்னேர இடிமழை வந்தால் மட்டும் மரத்தடியை விட்டுக் கொட்டிலுக்குள் போய்விடுங்கள். முன்பதிவின்போதே கிணற்றடி வேம்புப் பக்கத்து இடம் வேண்டுமெனச் சொல்லி வையுங்கள். காற்று மறைப்பும் நிழலும் சேர்ந்து கிடைப்பது அங்கே மட்டும்தான், சனி ஞாயிறில் முதலில் போவதும் அதுதான்.