லிங்கன் வீட்டுக்குள்: புகைப்படமா, ஓவியமா?

ஆபிரகாம் லிங்கனின் குடும்ப வாழ்க்கையை நினைத்தால் இரண்டு படங்கள் முன்னே வருகின்றன. 1864 பிப்ரவரியில் எடுத்த புகைப்படத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட லிங்கனும் மகன் டாடும் பெரிய புத்தகம் ஒன்றைப் பார்க்கிறார்கள். அது பைபிள் என்று பலர் நம்பினார்கள். உண்மையில் அது ஸ்டுடியோவில் இருந்த ஆல்பம்.

இன்னொன்று, லிங்கன் இறந்த பிறகு பிரான்சிஸ் கார்பென்டர் வரைந்தது. 1861-ஆம் ஆண்டுக் காட்சி. மனைவி மேரி, பிள்ளைகள் ராபர்ட், வில்லி, டாட் எல்லாரும் ஒரே அறையில். இப்படி இவர்கள் சேர்ந்து கேமரா முன் உட்கார்ந்ததே இல்லை. லிங்கனும் மேரியும் சேர்ந்திருக்கும் புகைப்படம்கூடக் கிடைத்ததில்லை. தனித்தனிப் படங்களைப் பார்த்துத்தான் கார்பென்டர் இணைத்தார். அப்பாவும் டாடும் அந்த 1864 படத்திலிருந்தே வந்தவர்கள். வில்லியோ 1862-லேயே இறந்துவிட்டான்.

லிங்கனின் முகம் வேண்டுமென்றால் புகைப்படம் போதும். குடும்பம் வேண்டுமென்றால் நான் ஓவியத்தைத்தான் எடுப்பேன். கார்பென்டர் 1864-ல் சுமார் ஆறு மாதம் வெள்ளை மாளிகைக்குள்ளேயே வேலை செய்தவர், அந்த வீட்டை அருகிலிருந்து பார்த்தவர். ஆனால் அச்சிடும்போது, பல படங்களைச் சேர்த்து வரைந்தது என்று கீழே கட்டாயம் குறிப்பிட வேண்டும்.