கிளினிக் நடத்துகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள், ஒன்றரை லட்சம் போய்விட்டது

கிளினிக்குக்காக நான் பணம் கட்டிய கம்பெனியிடமிருந்து நேற்று ராத்திரிதான் கடைசி பதில் வந்தது, "பேக்கேஜ் தொகை திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ஒற்றை வரியில். ஒன்றரை லட்சம். கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு மட்டும் பார்க்கும் சின்ன கிளினிக் என்னுடையது. நோயாளிகளின் அனுபவத்தை மேம்படுத்தி வருமானத்தையும் பெருக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஒரு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். அப்பாயின்ட்மென்ட் ஆப், நினைவூட்டல் செய்தி, கூகுள் ரிவியூ எல்லாம் சேர்ந்த ஒரு வருடப் பேக்கேஜ். என்னைப் பார்க்க வருவதற்கு முன்பு காலை முழுக்க என் வெயிட்டிங் ஹாலிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறார். "9.40க்கு வந்த அம்மா 11.05 வரை உட்கார்ந்திருந்தாங்க டாக்டர், நடுவில் ஒருத்தரும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை. காத்திருக்கிறதைவிட, எவ்வளவு நேரம்னு தெரியாம காத்திருக்கிறதுதான் கஷ்டம்" என்றார். அது உண்மை. எனக்கே உறைத்தது. இவ்வளவு கவனித்தவர் ஏமாற்றுவாரா என்று அன்றைக்கே ஒன்றரை லட்சத்தையும் மொத்தமாக அனுப்பினேன்.

முதல் மாதமே நினைவூட்டல் செய்திகள் அப்பாயின்ட்மென்ட் முடிந்த பிறகு போக ஆரம்பித்தன. கேட்டால் "டிக்கெட் போட்டிருக்கோம் டாக்டர்", அதாவது புகாரைப் பதிவு செய்திருக்கிறார்களாம். அப்புறம் "டெக் டீம் பார்க்கிறாங்க". அப்புறம் எங்களைக் கவனித்துக்கொண்டவர் வேலையை விட்டுவிட்டார், புதியவருக்கு முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும்.

ரிவியூக்கள் மட்டும் மளமளவென்று வந்தன. ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். "ரூட் கேனால் வலிக்கவே இல்லை, அருமையான டாக்டர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குழந்தைகள் டாக்டருக்குப் பல் டாக்டர் செய்யும் ரூட் கேனால்! காசு கொடுத்து ரிவியூ வாங்குவது கூகுள் விதிப்படியே தப்பு, அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலி ரிவியூக்களுக்கு எதிராகத் தனி விதியே அமலில் இருக்கிறது. கூகுள் அந்த ரிவியூக்களை மொத்தமாக நீக்கியபோது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாய்மார்கள் மனசார எழுதிய சிலதும் சேர்ந்து போய்விட்டன. அதை எந்தக் காசு கொண்டுவரும்? சரி, கிளினிக்கின் கூகுள் பக்கத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போனால், அதன் முதன்மை உரிமையாளர் அந்தக் கம்பெனி. நான் வெறும் மேனேஜர்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். போன வாரம் ஒரு அம்மா அழைத்து, "டாக்டர், என் பிள்ளை பேரைச் சொல்லி இன்சூரன்ஸ் விற்கிறாங்க, உங்ககிட்ட மட்டும்தானே இந்த நம்பர் கொடுத்தேன்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது தோன்றுவது இவ்வளவுதான். வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். கூகுள் பக்கத்தின் முதன்மை உரிமை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். நோயாளிகளின் விவரத்தை யார் பார்க்கலாம், ஒப்பந்தம் முடிந்தால் அது என்னவாகும் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு நம்பர்கூடக் கொடுக்காதீர்கள். காத்திருப்புப் பிரச்சினைக்கு எங்கள் ரிசப்ஷன் பெண் ஒரு வெள்ளைப் பலகையில் "இப்போது டோக்கன் 12, டாக்டர் 30 நிமிடம் தாமதம்" என்று எழுதி வைக்கிறாள், சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது. அதற்கு ஒன்றரை லட்சம் தேவைப்படவில்லை.

கம்பெனியிடம் நான் கொடுத்த நம்பர் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பெற்றோரையும் நானே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று வரை நாற்பது பேர்தான் ஆகியிருக்கிறது.