திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு: தடுப்பூசிப் பயணப் பாதை எப்படி இருந்தது?

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அரை நட்சத்திரத்தை என் முழங்கால் குறைத்துவிட்டது. மகள் வீட்டுக்குத் திருச்சியில் விமானம் ஏறினால் நேரே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம்தான். ஆனால் தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் சிங்கப்பூருக்குள் நுழைய 2021 நவம்பர் 29 அன்று திறந்த இந்தப் பாதை, சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து வரும் குறிப்பிட்ட விமானங்களுக்கு மட்டுமே இருந்தது. தனிமைப்படுத்தலிலிருந்து தப்ப, வீட்டருகே விமான நிலையத்தை வைத்துக்கொண்டு மீனம்பாக்கத்துக்கு ரயிலேறினேன்.

இந்தப் பாதைக்கான விண்ணப்பம் எளிதாக இருந்தது. இந்திய அரசின் தடுப்பூசித் தளமான கோவினில் பயணத்துக்கான சான்றிதழ் இருந்தது. அதில் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தன. எனக்குக் கோவிஷீல்டு என்பதால் கேள்வி எழவில்லை. கோவாக்சின் போட்டுக்கொண்ட எதிர்வீட்டுக்காரருக்கோ, நவம்பர் 3 அன்று உலகச் சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்த பிறகுதான் மூச்சு வந்தது. கோவிட் சிகிச்சைக்கு 30,000 சிங்கப்பூர் டாலர் காப்பீடும் எடுக்க வேண்டியிருந்தது. தொல்லை கொடுத்தது புறப்படுமுன் பரிசோதனை செய்த ஆய்வகம்தான். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கத்தை விழுங்கிவிட்டு, திருத்தித் தருவதற்குள் பாடாய்ப் படுத்திவிட்டது.

சாங்கியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரிசோதனைக் கட்டணத்தை முன்பே கட்டியிருந்ததால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. "மேலே பாருங்கம்மா" என்று தமிழிலேயே சொல்லி மூக்கில் குச்சியை விட்டாள் ஒரு பெண். முடிவு வரும்வரை மகள் வீட்டு அறைக்குள் இருந்தால் போதுமாக இருந்தது.

நான் கிளம்புவதற்குள் கொரோனாவின் புதிய வகையான ஒமிக்ரான் வந்து விதிகளை மாற்றிவிட்டது. டிசம்பர் 6 இரவிலிருந்து, வந்த இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை தினமும் ஏஆர்டி எனும் விரைவுச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. மூன்றாம், ஏழாம் நாள்களில் பரிசோதனை மையத்துக்கே போக வேண்டியிருந்தது. மற்ற நாள்களில் சாப்பாட்டு மேசைதான் ஆய்வகம். பட்டையில் சொட்டு விட்டதும் 'சி' என்ற எழுத்துக்கு நேரே சிவப்புக் கோடு மெல்ல ஏறும். அதற்குக் கீழே இன்னொன்று தெரிகிறதா என்று பேரன் மூக்கு உரசக் குனிந்து பார்த்து, "ஒரே கோடு, பாட்டி!" என்று கூவுவான். அதன் பிறகே வெளியே போக முடிந்தது.

இதைத் தொந்தரவு என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் போட்டுக்கொண்டது முதலில் பரவிய வைரஸைப் பார்த்துச் செய்த தடுப்பூசி. ஒமிக்ரானின் கூர்ப்புரதத்தில், அதாவது உடல் செல்லில் ஒட்டிக்கொள்ளும் வெளிப்புற முள் போன்ற பகுதியில், முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். ஊசி நோயின் கடுமையைக் குறைக்கும். தொற்றே வராது என்று சான்றிதழைக் காட்டிச் சொல்ல முடியாது. பரிசோதனை எல்லாருக்கும் ஒன்றுபோல் நடந்தது. புதிய வகையை உலகுக்குச் சொன்ன தென்னாப்பிரிக்காவுக்கு உடனே கதவைச் சாத்தியதைவிட இது நியாயம்.

இன்னொரு நட்சத்திரம் போனது டிக்கெட்டால். டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை புதிய விற்பனை கிடையாது என்று முந்தின நாள்தான் அறிவித்தார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் வரலாம் என்றார்கள். பொங்கலுக்கு வருவதாக இருந்த சம்பந்தி அம்மாள் ஊசி, காப்பீடு, விசா எல்லாவற்றையும் முடித்துவிட்டு, விமானம் மட்டும் இல்லாமல் சென்னையில் உட்கார்ந்திருந்தார்.