கடைசி வரிசையிலிருந்து பார்த்த வோல்வோ எக்ஸ்சி90

மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட சொகுசு கார்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையில் தொடங்கி, டேஷ்போர்டின் தோலையும் மரத்தையும் தடவிப் பார்த்து, இரண்டாம் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு, கடைசி வரிசையை மட்டும் வெளியில் நின்றபடியே எட்டிப் பார்த்து முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பம் இப்படிப்பட்ட காருக்கு இத்தனை பணம் கொடுப்பது அந்தக் கடைசி வரிசைக்காகத்தான். அதில் உட்காருபவர்கள் வீட்டில் அதிகம் வாய் திறக்காதவர்களாகவே இருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், திருமணமாகாத சித்தப்பா, "எனக்கு எங்கே என்றாலும் சரி" என்று சொல்லும் அத்தை. அவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே நியாயம் என்று எண்ணுகிறேன்.

என் மைத்துனர் வாங்கியுள்ள வோல்வோ எக்ஸ்சி90 காரில் சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏழு பேராகச் சென்று திரும்பினோம். போகும்போது விழுப்புரம் வரை கடைசி வரிசையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் உயரம் 168 செ.மீ. மூன்றாம் வரிசை 170 செ.மீ. உயரம் வரையுள்ளவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது என்று வோல்வோ நிறுவனமே 2014-இல் இந்தத் தலைமுறைக் காரை அறிமுகப்படுத்தியபோது அறிவித்தது. பெரியவர்கள் ஏழு பேர் தாராளமாக உட்காரலாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடாமல் ஓர் அளவைச் சொல்லி அதற்குள் நின்றதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அந்த அளவு உண்மையாக இருக்கிறது. தலை கூரையில் இடிக்கவில்லை. முன்னால் இருப்பவர் தம் இருக்கையைச் சற்று முன்னே நகர்த்திக்கொண்டால் முழங்காலுக்கும் இடம் கிடைக்கிறது. பின்வரிசைகள் முன்வரிசையைவிடச் சற்றே உயர்த்தி அமைக்கப்பட்டிருப்பதால், முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டு செல்ல வேண்டியதில்லை; சாலை கண்ணுக்குத் தெரிகிறது. வளைவுகளில் தலைசுற்றும் குழந்தைகளை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் அங்கே தரையும் உயர்ந்திருந்து, தரையிலிருந்து இருக்கையின் உயரம் குறைவாக இருப்பதால் வளர்ந்தவர்களின் தொடை முழுவதும் இருக்கையில் படியாது, முழங்கால் சற்றுத் தூக்கியே நிற்கும். ஏறக்குறைய 4.95 மீட்டர் நீளமும், முன் பின் சக்கர அச்சுகளுக்கு இடையே 2.98 மீட்டர் தூரமும் கொண்ட ஒரு காரில் இதைத் தவிர்ப்பது கடினம். மெர்சிடீஸ் பென்ஸ் ஜிஎல்எஸ் காரின் மூன்றாம் வரிசையில் 194 செ.மீ. உயரமுள்ளவரும் உட்காரலாம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அந்தக் கார் 5.2 மீட்டர் நீளமுடையது. மயிலாப்பூர் மாடவீதிகளிலும் பழைய அடுக்குமாடிகளின் நிறுத்துமிடங்களிலும் வண்டியைத் திருப்ப வேண்டியவர்களுக்கு அந்தக் கால் மீட்டர் சின்ன விஷயமல்ல. வீட்டில் ஆறடி உயரப் பிள்ளைகள் இருவர் இருந்து, அவர்கள் நாள்தோறும் பின்னால்தான் உட்கார வேண்டும் என்றால் ஜிஎல்எஸ் அல்லது பிஎம்டபிள்யூ எக்ஸ்7 பக்கம் போவதே சரி. மற்றவர்களுக்கு எக்ஸ்சி90-இன் கடைசி வரிசை போதும். அந்த வரிசைக்கும் முழுமையான மூன்று முனை சீட் பெல்ட்டுகள் உண்டு, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அங்கே வரையும் நீள்கிறது. 1959-இல் நில்ஸ் போலின் என்னும் பொறியாளர் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையைத் திறந்துவிட்ட நிறுவனம் இது. பின்னால் இருப்பவர்களின் உயிரை இரண்டாம் தரமாக எண்ணாதது அந்த மரபின் தொடர்ச்சியாகவே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் காரின் உண்மையான சிறப்பு இரண்டாம் வரிசையில் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் நடு இருக்கை என்பது இருபக்க இருக்கைகளுக்கு இடையே மிஞ்சிய மேடுதான். அதில் உட்காருபவர் ஊர் போய்ச் சேரும்வரை தோளைக் குறுக்கிக்கொண்டே வர வேண்டும். இங்கே மூன்றும் தனித்தனி இருக்கைகள், மூன்றும் ஒரே அகலம், ஒவ்வொன்றையும் தனியாக 12 செ.மீ. வரை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சாய்மானத்தையும் மாற்றிக்கொள்ளலாம். என் அப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு, வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். அவர் தம் இருக்கையை முழுவதும் பின்னே தள்ளிக் காலை நீட்டிக்கொண்டார். பக்கத்தில் அம்மா இருக்கையைப் பாதிவரை முன்னே நகர்த்தி, பின்னால் இருந்த பேரனுக்கு இடம் விட்டார். யாரும் யாருக்காகவும் அசௌகரியப்படாமல், ஆளுக்குத் தேவையான இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது. தரையின் நடுவில் மேடு ஒன்று ஓடுவதால் நடுவில் உட்காருபவர் கால்களை இருபுறமும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்துக்குப் பொருத்தமானவர் குழந்தையே. நடு இருக்கையின் அடிப்பகுதியை உயர்த்தி 15 முதல் 36 கிலோ வரை எடையுள்ள குழந்தைக்கான ஆசனமாக மாற்றும் வசதியை வோல்வோ வைத்திருக்கிறது. காருக்குள்ளேயே அமைந்த இத்தகைய ஆசனத்தை அது 1990-இலேயே கொண்டுவந்துவிட்டது. எல்லா வகைகளிலும் இந்த வசதி வருவதில்லை என்பதால், சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் டீலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முன்னிருக்கைகளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மனித முதுகுத்தண்டின் வளைவை ஒட்டிச் செய்யப்பட்ட இவை தடிமனாக இல்லாததால் பின்னால் இருப்பவரின் முழங்காலுக்கும் இடம் விடுகின்றன. தொடைக்கடியில் உள்ள பகுதியை நீட்டிக்கொள்ளலாம், இடுப்புக்குப் பக்கவாட்டில் உள்ள அணைப்பை இறுக்கவோ தளர்த்தவோ செய்யலாம், காற்றோட்டமும் மசாஜும் உண்டு. நெடும்பயணம் முடிந்து இறங்கியபோது முதுகில் கை வைத்து நிமிர வேண்டிய தேவை வரவில்லை என்பதே என்னைப் பொறுத்தவரை பெரிய சான்று. கியர் குமிழை ஸ்வீடனின் ஒரெஃபோர்ஸ் நிறுவனம் ஸ்படிகக் கண்ணாடியில் செய்து தருகிறது; அழகாகத்தான் இருக்கிறது.

நம் ஊர் வெயிலில் ஏசிதான் சொகுசின் பாதி. இந்தக் காரில் நான்கு பகுதிகளுக்குத் தனித்தனியாக வெப்பநிலை வைக்கலாம்; இரண்டாம் வரிசைக்கான காற்றுத் துளைகள் கதவுகளுக்கு இடையே உள்ள தூணிலும் அமைக்கப்பட்டிருப்பதால், குளிர்ந்த காற்று முழங்காலில் மட்டும் வீசாமல் முகத்துக்கும் மார்புக்கும் வந்து சேர்கிறது. உள்ளே வரும் காற்றிலிருந்து பிஎம் 2.5 நுண்துகள்களில் 95 சதவீதம் வரை வடிகட்டும் அமைப்பு இருப்பதாக நிறுவனம் கூறுகிறது. நெடுஞ்சாலையில் லாரிப் புகையின் பின்னால் செல்லும்போது உள்ளே நாற்றம் எட்டவில்லை என்பதை அம்மா கவனித்துச் சொன்னார். பெரிய கண்ணாடிக் கூரையில் மட்டும் எனக்கு விருப்பமில்லை. அதை மூடும் திரை நுண்துளைகள் உள்ள துணி; உச்சி வெயிலில் முழுமையான நிழல் தருவது இரும்புக் கூரையே. குழந்தைகள் மாலையில் திரையைத் திறந்து வானத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள் என்பதால் இதை வலியுறுத்த மாட்டேன்.

ஏசியின் கட்டுப்பாடுகள் எல்லாம் தொடுதிரைக்குள் அடைக்கப்பட்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2024 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்ட எக்ஸ்சி90-இல் அந்தத் திரை 11.2 அங்குலமாகப் பெரிதாகியிருக்கிறது, எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன, கூகுள் வரைபடமும் குரல் கட்டளையும் உள்ளேயே வருகின்றன. இருந்தாலும் ஒலியளவுக்கும் அவசர விளக்குக்கும் இன்னும் சிலவற்றுக்கும் மட்டும் தொட்டு அறியக்கூடிய பொத்தான்களை விட்டுவிட்டு, காற்றின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கண்ணைச் சாலையிலிருந்து திருப்ப வைப்பது, பாதுகாப்பையே தன் பெயராக ஆக்கிக்கொண்ட ஒரு நிறுவனத்துக்குப் பொருந்தாது. ஒரு திருகு குமிழ் போதும், என் அப்பா வயதுள்ளவர்களும் கேட்காமலேயே பயன்படுத்துவார்கள்.

பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஒலி அமைப்பில் 19 ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர இசை அரங்கின் ஒலிச்சூழலைக் காருக்குள் கொண்டுவரும் தெரிவு ஒன்று அதில் உண்டு. உளுந்தூர்பேட்டை தாண்டி நாகஸ்வரக் கச்சேரி ஒன்றின் பழைய பதிவை அதில் வைத்தபோது, நாகஸ்வரம் முன்னாலும் தவில் சற்றுத் தள்ளி வலப்புறத்திலும் நிற்பதுபோலக் கேட்டது. பேசிக்கொண்டிருந்த அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். கடைசி வரிசையில் இந்த விரிவு சற்றுக் குறைகிறது, ஆனால் சொற்கள் மங்கவில்லை.

ஏழு பேரும் ஏறிய பிறகு டிக்கியில் இரண்டு சிறிய பெட்டிகளும் ஒரு பலகாரப் பையும் தண்ணீர் பாட்டில்களும்தான் வைக்க முடிந்தது. இரண்டு நாளுக்கு இது சரி. ஒரு வாரப் பயணத்துக்கு ஏழு பேர் என்றால் கூரைமேல் பெட்டி தேவைப்படும். கடைசி வரிசையை மடக்கிவிட்டால் ஐந்து பேரின் சாமான்கள் கவலையின்றி அடங்கும். காற்றழுத்தத்தால் காரின் உயரத்தை மாற்றும் காற்று சஸ்பென்ஷன் உள்ள வகையில், டிக்கிக்குள் உள்ள பொத்தானை அழுத்தினால் காரின் பின்பகுதி தாழ்ந்து கொடுக்கிறது, கனமான பெட்டியைத் தூக்கி ஏற்றும் சிரமம் குறைகிறது. இதே சஸ்பென்ஷன், கார் நின்றபின் ஏறி இறங்க வசதியாக உடலையே தாழ்த்தும் தெரிவையும் தருகிறது. ஸ்ரீரங்கத்தில் கோபுரத்துக்கு முன் நிறுத்தியபோது அப்பா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, என் தோளைத் தேடாமல் தாமாகவே இறங்கினார். விளம்பரத் தாள்களில் இந்த வசதிக்கு ஒரு வரிதான் இருக்கும். முதியோர் உள்ள வீட்டில் அது மசாஜைவிடப் பல மடங்கு பயனுடையது.

2025 மார்ச்சில் இந்தியாவில் வெளியானபோது இந்தக் காரின் ஷோரூம் விலை ஏறத்தாழ 1.03 கோடி ரூபாய். இத்தனை தொகை கொடுப்பவர்கள் தனியாகப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடக் கூடாது. வீட்டில் வயதில் மூத்தவரையும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, நடுப்பகல் வெயிலில் நின்ற காரையே கேட்டு வாங்கி, பிள்ளையைக் கடைசி வரிசையிலும் பெரியவரை அதற்கு முன்வரிசையிலும் உட்கார வைத்து, ஏசியைப் போட்டு, ஊர் எல்லை வரையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பின்னால் குளிர் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைப் பிள்ளையிடமும், இறங்க எத்தனை முறை கை நீட்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பெரியவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.