பிஸ்டன் இடைவெளி: ஃபீலர் கேஜா, போர் கேஜா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய மாருதி 800 இன்ஜினைப் பிரித்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான இடைவெளியைப் பார்க்கப் பல மெக்கானிக்குகள் எடுப்பது ஃபீலர் கேஜ், அதாவது தடிமன் குறித்த மெல்லிய தகடுகள். சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கும் (போரிங்) லேத் பட்டறையில் எடுப்பது மைக்ரோமீட்டரும், துளையின் உள்விட்டத்தை முள்ளால் காட்டும் டயல் போர் கேஜும். பிஸ்டனைப் பொறுத்தவரை நான் இரண்டாவதன் பக்கம்தான். ஆனால் முதலாவதைத் தூக்கிப் போடவும் சொல்ல மாட்டேன்.

அந்த 796 சிசி இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. புதிய பிஸ்டனுக்கு விட வேண்டிய இடைவெளியோ ஏறத்தாழ 0.04 மி.மீ.தான். பிஸ்டனைத் தலைகீழாக இறக்கி, பக்கத்தில் ஃபீலர் தகட்டைச் செருகி இழுத்தால் தெரிவது அந்த ஓர் இடத்து இடைவெளி மட்டுமே. இழுக்கும் கையின் பலத்தைப் பொறுத்து அதுவும் மாறும். சிலிண்டரோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களில் மேல் வளையம் (மேல் ரிங்) திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கேயும் கிராங்க் ஷாஃப்டுக்குக் குறுக்கான திசையில் கூடுதல். போர் கேஜை மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், இரண்டு திசையில் வைத்துப் பார்த்தால் சரிவும் (மேலுக்கும் கீழுக்கும் விட்டம் மாறுவது) முட்டை வடிவமும் ஒளிய இடமில்லை.

பிஸ்டனும் முழு வட்டமல்ல. அதன் விட்டத்தைப் பாவாடைப் பகுதியில் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச் சுவர்), பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’ (pin) திசைக்குக் குறுக்கே, கம்பெனி சொன்ன உயரத்தில் மைக்ரோமீட்டரால் எடுக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் வேண்டாம், 0.02 மி.மீ. வரைதான் காட்டும் கருவிக்கு இங்கே வேலையில்லை. பிஸ்டனை அளந்த மைக்ரோமீட்டரை அப்படியே பூட்டி, அதில் போர் கேஜைப் பூஜ்யத்துக்கு வைத்தால், சிலிண்டருக்குள் முள் காட்டும் வித்தியாசமே இடைவெளி. கழித்தல் கணக்குக்கே வேலையில்லை.

அதனால்தான் 0.50 ஓவர்சைஸ் (அரை மி.மீ. பெரிய பிஸ்டன்) என்று வாயால் சொல்லி பிளாக்கை மட்டும் லேத்துக்கு அனுப்பக் கூடாது. பிஸ்டனை முதலில் வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எண்ணை எழுதுங்கள், அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தத் துளையைப் போடச் சொல்லுங்கள்.

நம் ஊர் மே மாத வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அலுமினியப் பிஸ்டன் 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலே 0.016 மி.மீ. விரியும், விட வேண்டிய இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! வாசலில் காய்ந்த பிஸ்டனை அளந்து துளை போட்டால் துளை பெரிதாகிவிடும். பிஸ்டன், பிளாக், கருவி மூன்றும் ஓர் இரவு ஒரே அறையில் இருக்கட்டும்.

ஃபீலர் கேஜ் ஜெயிக்கும் இடம் ரிங். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியைப் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. 68.5 மி.மீ. விட்டத்துக்குப் பொது விதிப்படி சுமார் 0.27 மி.மீ.; கையேடு வேறு சொன்னால் கையேடுதான். போர் கேஜ் இல்லாத பட்டறைக்கு இன்னொரு வழியும் இதில் இருக்கிறது: மேலேயும் கீழேயும் ரிங் வாயை அளந்து, வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் சரிவு கிடைக்கும். முட்டை வடிவம் மட்டும் அதில் பிடிபடாது.

எந்தக் கருவியால் அளந்தாலும், ஹோனிங் (உரைகல்லால் உள்சுவரைத் தீட்டுவது) முடிந்த சிலிண்டரைச் சோப்பு நீரில் கழுவி, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத அளவுக்குத் துடைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள். கடலூர் முதுநகர்க் கடற்காற்றில் வெறும் வார்ப்பிரும்பு துருப்பிடிக்க அதிக நேரம் ஆகாது.