பயந்த நாய்க்கு வீடு தேடும் காப்பகம்: ஐந்துக்கு நாலரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து மோட்டாரில் இருபது நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை, மழை பெய்தால் கார் உள்ளே போகாது. அங்கே ஒரு சின்ன நாய்க் காப்பகம் இருக்கிறது. பெயரும் வழியும் இங்கே போடவில்லை. போட்டால் இரவோடு இரவாகப் பெட்டியில் குட்டிகளை வைத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதனால் போடாதீர்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். ஊர்க்காரர்களுக்கு எந்த இடம் என்று புரியும்.

நாய் தத்தெடுக்க நிறைய இடம் இருக்கிறது. இதைப் பற்றித் தனியாக எழுத ஒரே காரணம், மனிதரைக் கண்டால் நடுங்குகிற நாயை யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக் கூடாது என்று இவர்கள் பார்க்கிற விதம். அதைச் சொல்வதற்கு முன்னால் மணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாலு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் வேறொரு இடத்திலிருந்து மணியைக் கூட்டி வந்தேன். "கொஞ்சம் கூச்சம்தான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்கள். ஒரு தாளில் கையெழுத்து, பணம், பத்து நிமிடத்தில் நாய் என் காரில். வீட்டில் ஏற்கெனவே கருப்பன் இருந்தான், அப்பா அம்மா தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்தபோது வளர்த்த நாயின் வழி வந்தவன். நாய் வளர்த்த குடும்பம்தானே, பழகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கேஸ் கொண்டுவந்த பையனுக்காக கேட்டைத் திறந்தேன். மணி பின்னால் இழுத்தான், கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றது, கயிறும் வெறும் பட்டையும் என் கையில் இருந்தன, நாய் சாலையைத் தாண்டிவிட்டது. பதினெட்டு நாள் தேடினேன். தூரத்தில் இரண்டு முறை பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். பயந்து ஓடுகிற நாயை விரட்டக் கூடாது, கத்தக் கூடாது, சாப்பாட்டை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வைத்துவிட்டு விலகி உட்காரவேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. மணி கிடைக்கவே இல்லை.

அதனால்தான் போன செப்டம்பரில் முகநூலில் இந்தக் காப்பகத்தின் அறிவிப்பைப் பார்த்தபோது இரண்டு முறை படித்தேன். "அன்பான வீடு தேவை" என்கிற வழக்கமான வரி அதில் இல்லை. பெட்டை, இரண்டு வயதிருக்கலாம், கம்பத்து நாய் (கிராமத்து நாட்டு நாய்), பழுப்பு நிறம். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் இடுப்பு மாட்டி மீட்கப்பட்டது. கடித்ததில்லை, ஆனால் மூலையில் மடக்கினால் உறுமும். தூக்கினால் சிறுநீர் விடும். கையில் நீளமாக எதுவும் வைத்திருக்கும் ஆளைக் கண்டால் சுவர் ஏறும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம், முதன்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு வேண்டாம், நாய் இல்லாத வீட்டுக்கும் வேண்டாம். இப்படி எழுதினால் யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். கூட்டம் வராதுதான். வருகிற ரெண்டு பேர் தெரிந்து வருவார்கள்.

விண்ணப்பம் நாலு பக்கம். அதில் ஒரு கேள்வி: உங்கள் பொறுப்பில் இருந்த நாய் எப்போதாவது காணாமல் போனதுண்டா, எப்படி? மணியின் கதையை எழுதினேன், இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அங்கிருக்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, கழுத்துப்பட்டை எப்படிக் கழலும்னு தெரிஞ்ச ஆளு நீங்கதான். சனிக்கிழமை வாங்க, ஆனா அன்னைக்கு நாயைத் தொட முடியாது" என்றார்.

முதல் தடவை போனபோது அறிவிப்பில் பார்த்த அந்த நாய், சிட்டு, தண்ணீர்த் தோம்புக்குப் (பெரிய தொட்டி) பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது, இடுப்பைச் சுற்றி முடி முளைக்காத ஒரு கோடு, கம்பி அறுத்த இடம். அக்கா நாயைக் காட்டவில்லை, தரையைக் காட்டினார். சிமெண்டில் ஈரமான பாதத் தடங்கள், கூண்டுக் கதவிலிருந்து தோம்பு வரைக்கும். தண்ணீரை மிதித்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நாய்க்குப் பாதத்தில்தான் வேர்க்கும், பயந்தால் இப்படி ஈரம் பதியும் என்றார். "அந்த ஈரம் காயற வரைக்கும் நாம இங்கயே உக்காந்து வேற எதையாச்சும் பேசுவோம்." பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தோம், நாயின் கண்ணைப் பார்க்காமல். செம்பனை விலை, எங்கள் பழைய தோட்டம் என்று பேச்சு போனது. வேகவைத்த கோழி ஈரலை அக்கா அவ்வப்போது நாய்க்குப் பின்பக்கமாக எறிந்தார். முன்னால் போட்டால் அதை எடுக்க நம்மை நோக்கி வரவேண்டும், ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பின்னால் விழுந்தால் விலகிப் போய் நிம்மதியாகத் தின்னும். அன்று சிட்டு எதையும் தின்னவில்லை. நாங்கள் எழுந்து போன பிறகு தின்றதாக வாட்சாப்பில் ஒரு வீடியோ வந்தது.

ஆறு முறை போனேன். மூன்றாம் முறை கருப்பனையும் கூட்டி வரச் சொன்னார்கள். என்னை விட அவனைத்தான் அதிகம் சோதித்தார்கள் என்று சொல்லலாம். வேலிக்கு இந்தப்பக்கம் அவன் தரையை மோந்துகொண்டு தன் பாட்டுக்குத் திரிந்தான், சிட்டு முதல் முறையாகச் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியது. நிதானமான நாய் ஒன்று வீட்டில் இருந்தால் பயந்த நாய் அதைப் பார்த்துத்தான் இந்த மனிதன் ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்யும், அதனால்தான் நாய் இல்லாத வீட்டுக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

"அனுபவம் உள்ள வீடு" என்றால் இத்தனை வருடம் நாய் வளர்த்தேன் என்பதல்ல என்று அங்கேதான் புரிந்தது. அக்கா கேட்டது வேறு மாதிரி. இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால்? உறுமினால்? உறுமினால் அதட்டுவேன் என்றேன், எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். அது தப்பு என்று நேராகவே சொன்னார். உறுமல் எச்சரிக்கை. அதட்டி அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும், அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். உறுமினால் ஒரு அடி பின்னால் போகவேண்டும். கொட்டாவி, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவது, அசையாமல் விறைத்துப்போவது, இதெல்லாம் உறுமலுக்கு முன்னால் வருகிற பேச்சு. கருப்பனோடு பத்து வருடம் வாழ்ந்தவன் நான், விறைத்து நிற்கிற நாயைச் "சாதுவாக இருக்கு" என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றும் சொன்னார். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலாவது வாரம் வரைக்கும்தான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக்கு அடியில் பிறந்து அந்த வாரங்களில் மனிதக் கை படாமல் வளர்ந்த நாய்க்கு மனிதன் என்பவனே புது மிருகம். அடித்திருப்பார்கள் என்று நாம் கதை கட்டுகிறோம், பல நாய்களை யாரும் அடித்திருக்கவே மாட்டார்கள், தொட்டிருக்கவும் மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, ஆட்கள் தாமானுக்கும் ஃபிளாட்டுக்கும் போனபோது நாய்களில் பாதி அங்கேயே நின்றுவிட்டன. அவற்றின் பேரன் பேத்திகள்தான் இவை. எனக்கு இதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது, எங்கள் குடும்பமே இரண்டு நாயை விட்டுவிட்டு வந்த குடும்பம்.

எனக்குக் கோபம் வந்த இடமும் உண்டு. அக்டோபரில் நான் தயாராக இருந்தேன், அவர்கள் தரமாட்டேன் என்றார்கள். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் பயந்த நாயை வெளியே கொடுப்பதில்லை, அது அவர்கள் விதி. புது வீடு, புது ஆட்கள், அதன் மேல் பட்டாசு, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறினால் நாய் கேட்டைத் தாண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். "மணியை மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை.

அந்த இடைவெளியில் வீட்டைப் பார்க்க வந்தார்கள். கேட்டின் அடிக்கம்பி இடைவெளியில் கையை விட்டுப் பார்த்து வலை அடிக்கச் சொன்னார்கள். கார் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவே இன்னொரு சின்ன கேட் போடச் சொன்னார்கள், ஒன்று மூடியிருக்கும்போதுதான் மற்றது திறக்கவேண்டும். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டார்கள். மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம். நாய் வருவதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். போனேன். அவர் கேட்டது ஒன்றுதான், அவர் வாசல் பக்கம் நாய் வரக்கூடாது, நாய் அசிங்கத்தைக் கால்வாயில் கழுவிவிடக் கூடாது. சரி என்றேன், இன்றுவரை காப்பாற்றுகிறேன். நகராண்மைக் கழகத்தில் இரண்டாவது நாய்க்கும் வருட லைசென்ஸ் எடுத்த ரசீதைக் காட்டிய பிறகுதான் தேதி கொடுத்தார்கள்.

மருத்துவ விஷயத்தில் முழு மதிப்பெண். கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் முடிந்திருந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கு நாலு வாரம் மாத்திரை கொடுத்து முடித்து, மறுபடி ரத்தம் பார்த்த தாளும் கையில் தந்தார்கள். நோயில் சுருண்டு கிடக்கும் நாயையும் பயத்தில் சுருண்டு கிடக்கும் நாயையும் பார்வையில் பிரிக்க முடியாது, முதலில் நோயைத் தீர்க்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டிருந்தார்கள். 2012-இல் மலேசியாவில் அந்த நோய் இல்லை என்று அறிவித்து, 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் மறுபடி வந்ததை வடக்கே இருக்கும் நாம் மறக்க முடியாது.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சிட்டு வந்தது. வார நாள், ஏனென்றால் தெருவில் ஆள் இருக்காது. இரண்டு கயிறு: ஒன்று மார்புப் பட்டையில், இன்னொன்று இழுத்தால் கொஞ்சம் இறுகித் தலை வழியாகக் கழலாத கழுத்துப்பட்டையில். கூண்டில் விரித்திருந்த பழைய சாக்கையும் கழுவாமல் கொடுத்தார்கள், அதன் வாசனைக்காக. முதல் மாதம் வெளியே நடத்திக் கூட்டிப் போகவே கூடாது, விருந்தாளி கூடாது, குளிப்பாட்டக் கூடாது. இரண்டு வாரம் சோதனைக் காலம், எந்த வயதில் எந்தக் காரணத்துக்காகத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று எழுத்தில் தந்தார்கள்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பழகும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும். சிட்டுக்கு அது பொருந்தாது என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள். நான் நின்றுகொண்டிருக்கும்போது அது சாப்பிடப் பதினோரு வாரம் ஆனது. முதல் ஒன்பது நாள் இரவில் மட்டும்தான் தண்ணீர் குடித்தது, நாங்கள் படுத்த பிறகு நாக்குச் சத்தம் மட்டும் கேட்கும், அம்மா இருட்டில் என் பக்கம் திரும்பி "குடிக்குது" என்பார். சீனப் பெருநாள் வெடிக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரை, நடு அறை, காற்றாடிச் சத்தம், பக்கத்தில் கருப்பன். அன்றிரவு நடுங்கியது, ஆனால் அம்மாவின் காலை ஒட்டிப் படுத்துக்கொண்டு நடுங்கியது. பயத்தில் இருக்கும்போது தடவினால் பயம் வளரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அப்படியெல்லாம் ஆகாது, அதுவாக வந்து ஒட்டினால் தாராளமாகத் தடவலாம் என்று அக்கா போனில் சொன்னார்.

இப்போது காலையில் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது சிமெண்ட் தரையைத்தான். தபால்காரர் மோட்டார் வந்த அன்றும், மாமா குடை எடுத்துக்கொண்டு வந்த அன்றும் ஈரத் தடம் இருந்தது. மற்ற நாளெல்லாம் தரை காய்ந்திருக்கிறது.

ஏன் அரை மதிப்பெண் குறைவு? போன் எடுக்கமாட்டார்கள், வாட்சாப்பில் செய்தி போட்டு ஒரு நாள் காத்திருக்கவேண்டும். விண்ணப்பமும் பராமரிப்புத் தாளும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. நாள் முழுக்க நாயோடு இருப்பது அம்மா, அவர் படிப்பது தமிழ் மட்டும். தோட்டத்து ஊரில் வீட்டில் இருந்து நாயைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட அம்மாக்கள்தான். நானே தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன், அதன் நகலை அவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, ஒரு மாதத்தில் வீட்டுக்கு வருவோம் என்றவர்கள் ஏழாவது வாரம்தான் வந்தார்கள். மூன்று பேர் அறுபது நாயைப் பார்க்கிறார்கள், தெரியும், ஆனாலும் பயந்த நாயோடு தனியாக இருப்பவருக்கு அந்த மூன்று வாரம் நீளம்.

கட்டணம் 200 வெள்ளி (ரிங்கிட்), கருத்தடையும் ஊசியும் சேர்த்து. கேட், வலை, பட்டை எல்லாம் என் செலவு, அது இன்னொரு 450 ஆனது.

போகிறவர்கள் சனிக்கிழமை காலையில் போங்கள், குடையைக் காரிலேயே வையுங்கள். சிட்டு இருந்த கூண்டுக்கு அடுத்ததில் ஒரு கறுப்புக் கடுவன் இருக்கிறது, இடது காது நுனி இல்லை, மூன்று வருடமாக அங்கேயே கிடக்கிறது. வீட்டில் நிதானமான பெட்டை நாய் இருப்பவர்கள் வந்து பார்த்தால் போதும் என்கிறார் அக்கா. போன வாரம் ஈரல் கொண்டுபோனபோது நான் எறிந்ததை நான் அங்கே இருக்கும்போதே தின்றது.