அம்மாவின் முட்டிக்கு எந்த கேம்: வீ பலகையா, கினெக்ட்டா, ரிங் ஃபிட்டா?

அம்மாவுக்கு வலது முட்டி மாற்று அறுவை முடிந்து தையல் எல்லாம் ஆறிய பிறகு, பிசியோ திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு கால்லயும் சமமா பாரம் போட்டு நிக்கப் பழகுங்க ஆன்ட்டி." கிளினிக்கில் நிற்பார். வீட்டுக்கு வந்தால் இடது காலில்தான் மொத்தப் பாரமும். அதற்காகத்தான் கேம் தேட ஆரம்பித்தோம். கடைசியில் களத்தில் நின்றவை மூன்று: ஏறி நின்று விளையாடும் பழைய வீ ஃபிட் பலகை, கேமரா பார்த்து ஆட வைக்கும் கினெக்ட், வளையம் பிடித்து ஆடும் ரிங் ஃபிட். எடுத்தது வீ பலகை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பலகையை இணைக்கும் கேம் கருவி, நிண்டெண்டோ வீ, 2006-ல் வந்தது, 2013-ல் நின்றது. மைக்ரோசாஃப்டின் கினெக்ட் 2010-ல் வந்தது, 2017-ல் நின்றது. இரண்டுமே இப்போது பழசாகத்தான் கிடைக்கும். ரிங் ஃபிட் 2019-ல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவிக்காக வந்தது; படம், குரல், கதை எல்லாவற்றிலும் அதுதான் அழகு. தமிழ் எதிலும் கிடையாது. வயசானவர்கள் படத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறார்கள், அது பெரிய விஷயமில்லை.

எனக்கு முடிவைத் தீர்த்தது ஒரே கேள்வி: விளையாடும்போது கை காலியாக இருக்குமா? முட்டி மாற்றியவரோ, விழுந்து எழுந்தவரோ, நிற்கும்போது எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். வாக்கர், சன்னல் கம்பி, கனமான நாற்காலி, ஏதோ ஒன்று. தடுமாறினால் கை தானாகப் போய்ப் பிடிக்கிற தூரத்தில் அது இருக்க வேண்டும். கேம் அந்தக் கையைக் கேட்டால் அங்கேயே கதை முடிந்தது.

ரிங் ஃபிட் இரண்டு கையையும் கேட்கிறது. வளையத்தைப் பிடித்து அமுக்க வேண்டும், இழுக்க வேண்டும். தொடையில் கட்டிய பட்டை கால் அசைவைப் பார்க்கும். நின்ற இடத்தில் ஓடவும் சொல்லும். முட்டிக்குச் சிரமம் குறைக்கும் அமைப்பு அதில் இருப்பது உண்மை, ஆனால் கை வளையத்தில்தானே மாட்டியிருக்கிறது? எனக்கு அது பிடிக்கும், நானே விளையாடுகிறேன். அம்மாவிடம் கொடுக்க மனசு வரவில்லை.

கினெக்ட் கையில் எதையும் தருவதில்லை, கேமராவே ஆளைப் பார்த்துக்கொள்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் பிளாட் ஹாலில் சோபாவைச் சமையலறை வாசலுக்குத் தள்ளினால்தான் அந்த இடம் கிடைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் உடை. கைலியோ சேலையோ கட்டியிருந்தால் கால் எங்கே என்று கேமராவுக்குச் சரியாகத் தெரிவதில்லை. முன்னால் வாக்கர் வைத்தாலும், பாதுகாப்புக்கு நான் ஒட்டி நின்றாலும் குழம்புகிறது. தம்பி வீட்டில் போட்டுப் பார்த்தபோது, அம்மா கையை ஆட்டினால் திரையில் ஆடியது பக்கத்தில் நின்ற என் கை.

கண்ணை மறைத்து மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர்) கருவி பற்றியும் கேட்பார்கள். அண்ணன் மகனுடையதை நான் கொஞ்சம் மாட்டிப் பார்த்ததோடு சரி. உட்கார்ந்து கைப் பயிற்சி செய்ய உதவலாம். சமநிலை தடுமாறும் ஒருவருக்கு வீட்டைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு நிற்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது பலகை. சுமார் 51 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம், நான்கு மூலையிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள். வெறுங்காலோடு ஏறி நின்றால் பாரம் எந்தப் பக்கம் போகிறது என்று திரையில் ஒரு புள்ளி காட்டும். கேமில் உள்ள உடல் பரிசோதனையின்போது இடது இவ்வளவு, வலது இவ்வளவு என்று சதவீதமும் சொல்லும். அம்மாவின் வாக்கர் பலகையைச் சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டது. மெனுவை ரிமோட்டில் நான் அழுத்துவேன், ஆட்டம் முழுக்க அவருடைய காலில். பனிக்கட்டி மேல் பென்குயின் மீன் பிடிக்கும் ஆட்டம்தான் பிடித்தது: வலது பக்கம் மீன் துள்ளினால் வலது காலில் பாரம் போட்டே ஆக வேண்டும். பிசியோ வாயால் சொன்னதை மீன் செய்ய வைத்தது.

இன்னொரு லாபம், பலகை எடையும் காட்டுவதால் திருட்டுத்தனம் மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் எடை குறைந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பார்த்தால் வாக்கர் மேல் நன்றாகச் சாய்ந்து நிற்கிறார். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன் எடையைப் பார்ப்போம்; வழக்கத்தைவிடக் குறைந்தால், "கையை லேசா வைங்கம்மா." விரல் மட்டும் வாக்கரைத் தொட்டபடி நிற்பதுதான் இலக்கு.

குறைகளும் உண்டு. பருமன் குறியீட்டை (பிஎம்ஐ) கணக்குப் போட்டு, திரையில் இருக்கும் பொம்மை அம்மாவை ஊதிக் காட்டும். முதல் நாள் அம்மாவுக்கு வந்த கோபம் லேசானதல்ல. தலையால் பந்தை முட்டும் ஆட்டம் வேகம் அதிகம், அதைத் தொடவே விடாதீர்கள். பலகை டைல்ஸ் தரையில் நகரும், அடியில் வழுக்காத விரிப்பு கட்டாயம். ஏறி இறங்கும் அந்த 5 செ.மீ.தான் உண்மையான ஆபத்து, அந்த நேரம் பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

கேம் வாங்கியதால் பிசியோவை நிறுத்திவிடலாமா? கூடாது. பக்கவாதம் வந்தவர்களின் கைப் பயிற்சியில் வீ-யையும், சீட்டு, டோமினோ மாதிரி சாதாரண விளையாட்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-ல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. 141 பேர். இரண்டு பக்கமும் தேறினார்கள், வீ கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. அடுத்த ஆண்டு, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி வந்த காக்ரேன் தொகுப்பும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான்: வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக அல்ல, அதற்கு மேல் கூடுதல் நேரமாகச் சேர்த்தால் பயன் தரலாம். இவை கை பற்றியவை. முட்டிக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் கூடுதல் நேரம்தான் கிடைத்தது. சும்மா நிற்கச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிறவர் மீனுக்காக நிற்கிறார். பக்கவாதம் என்றால் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் நாசாம் (மலேசிய தேசியப் பக்கவாதச் சங்கம்) மாதிரி இடத்தில் கேட்டுவிட்டு அப்புறம் கேம் பக்கம் வாருங்கள்.

பழைய பலகை வாங்கப் போனால் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், வருஷக்கணக்கில் கிடந்த பேட்டரி கசிந்து துருப்பிடித்திருக்கும். நீங்களே ஏறி நான்கு பக்கமும் சாய்ந்து பாருங்கள், புள்ளி கூடவே நகர வேண்டும். வீ-யின் மூன்று நிற வயரைப் புது டிவியில் சொருக இடம் இருக்காது. எச்டிஎம்ஐ மாற்றி கோலாலம்பூரின் லோ யாட் மின்னணுக் கடை வளாகத்தில் கிடைக்கிறது. வட்டு படிக்கும் பகுதி எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

அப்பாவோ மாமாவோ எதையும் பிடிக்காமல் தெம்பாக நடப்பவர், தோளும் கையும்தான் இறுகியிருக்கிறது என்றால், பலகை வேண்டாம், ரிங் ஃபிட் வாங்குங்கள். டிவி பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபடி வளையத்தை அமுக்கலாம், எத்தனை தடவை என்று அதுவே எண்ணி வைத்துக்கொள்ளும்.